குரோத்தோனே 2016-17: ஒரு சீசனின் தடத்தில் ஐந்து நாள்

முதல் நாள்: பெஸ்காரா

இத்தாலியக் கால்பந்தின் முதல் பிரிவான சீரி ஏ-வில் குரோத்தோனே அணி முதன்முதலாக ஆடியது 2016-17 சீசனில். அந்த ஒரு சீசனை ஊர் ஊராகத் தொடர்ந்து போவதுதான் இந்தப் பயணம். அணி தெற்கே கலாப்ரியாவைச் சேர்ந்தது. ஆனால் பயணத்தை அங்கே தொடங்க முடியாது. சுமார் 600 கி.மீ. வடக்கே, ஏட்ரியாட்டிக் கடற்கரையில் இருக்கும் பெஸ்காராவில்தான் தொடங்க வேண்டும். சீரி ஏ-வில் அவர்களுடைய முதல் மூன்று 'சொந்த மைதான' ஆட்டங்கள் நடந்தது இங்கேதான்.

சீரி ஏ-வில் ஆடும் அணியின் மைதானத்தில் அப்போது குறைந்தது 16,000 பேர் உட்கார இடம் இருக்க வேண்டும். குரோத்தோனேயின் எட்சியோ ஷிடா மைதானத்தில் 9,500 சொச்சம் பேர்தான் உட்காரலாம். 2016 ஏப்ரல் 29 அன்று மோடெனாவில் 1-1 என்று டிரா செய்து மேல் பிரிவுக்கு ஏறியது அணி. ஆகஸ்ட் கடைசியில் முதல் சொந்த மைதான ஆட்டம். நான்கு மாதத்துக்குள் கேலரியைப் பெரிதாக்கி முடிக்க முடியவில்லை. அதே ஆண்டு சீரி ஏ-வுக்கு ஏறிய பெஸ்காராவின் மைதானத்தில் இடம் கேட்டு ஆட வேண்டியதாயிற்று.

அட்ரியாட்டிகோ மைதானத்துக்குப் போக பெஸ்காரா சென்ட்ரலே நிலையத்தில் இறங்கத் தேவையில்லை. உள்ளூர் ரயிலில் போர்த்தா நுவோவா நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். விரைவு ரயில்கள் அங்கே நிற்காது, ஆகவே சென்ட்ரலேயில் மாறிக்கொள்ள வேண்டும். மைதானத்துக்குப் பக்கத்திலேயே பைன் தோப்பு இருக்கிறது, வெயில் நேரத்தில் அங்கே ஒதுங்கலாம். உள்ளே ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப் பந்தயத் தடம். கேலரிக்கும் கோட்டுக்கும் நடுவே அத்தனை இடைவெளி. ஊரில் இருந்து பஸ்ஸில் ஓர் இரவு முழுக்க வந்தவர்கள் எவ்வளவு கத்தினாலும், அந்தத் தடத்தைத் தாண்டிப் போவதற்குள் சத்தம் பாதியாகிவிடும்.

ஆகஸ்ட் 28: ஜெனோவா 3, குரோத்தோனே 1. அணியின் முதல் சீரி ஏ கோலை ரஃபாயெலே பல்லாடினோ போட்டார். எதிரணியின் பயிற்சியாளர் இவான் யூரிச். குரோத்தோனேயை மேலே ஏற்றிவிட்டு அந்தக் கோடையில்தான் ஜெனோவாவுக்குப் போனவர் அவர். செப்டம்பர் 18: பலெர்மோவுடன் 1-1. செப்டம்பர் 26: அடலாண்டாவிடம் 1-3. மூன்று ஆட்டத்தில் கிடைத்தது ஒரே புள்ளி.

இதே மைதானத்துக்கு 2017 மே 7 அன்று அணி மறுபடி வந்தது, இம்முறை எதிரணியாக. பல்கேரியாக்காரரான அலெக்ஸாந்தர் தோனேவ் கோல் போட, 1-0 என்று வென்றது. மூன்று 'சொந்த' ஆட்டத்தில் எடுத்ததைப் போல மூன்று மடங்கு புள்ளி, விருந்தாளியாக வந்த ஒரே ஆட்டத்தில். பெஸ்காரா அதற்குள் இரண்டாம் பிரிவுக்குக் கீழே இறங்குவது உறுதியாகிவிட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள்: ரயிலில் தெற்கே

பெஸ்காராவில் இருந்து பாரி, பாரியில் இருந்து தாரந்தோ, தாரந்தோவில் இருந்து குரோத்தோனே. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு பகல் முழுக்க ஆகிவிடும். தாரந்தோவுக்குப் பிறகு ரயில்கள் மிகக் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய பயணமே கெட்டுப்போகும். ஆகவே முதலில் தாரந்தோவில் ஏற வேண்டிய ரயிலை முடிவு செய்துகொண்டு, அதற்கேற்பப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு பெஸ்காராவில் கிளம்பும் நேரத்தை வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பாதையில் போக வேண்டாம். இருக்கிற வண்டிகளும் அன்று குறையும், சிறிய நிலையங்களில் தண்ணீர் வாங்கக்கூடக் கடை இருக்காது.

இயந்திரத்தில் எடுத்த காகித டிக்கெட் என்றால், உள்ளூர் ரயிலில் ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் பெட்டியில் சொருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்தானே என்று அப்படியே ஏறினால் அபராதம் கட்ட வேண்டிவரும். ஜன்னல் இருக்கை கேட்பவர்கள் இடதுபக்கம் கேளுங்கள். அயோனியக் கடல் பல இடங்களில் தண்டவாளத்தை ஒட்டியே வரும்.

சீபரிக்குத் தெற்கே நெடுங்காலமாக டீசல் வண்டிதான், ஒற்றைத் தடம். மின்மயமாக்கும் வேலை நடக்கும் காலங்களில் ரயிலுக்குப் பதிலாகப் பஸ் விடுவார்கள், அது நிலைய வாசலில் இருந்து கிளம்பும். நடைமேடையில் நின்றுகொண்டிருந்தால் பஸ் போய்விடும்.

தண்டவாளத்துக்கு இணையாக ஓடுவது 106-ஆம் எண் தேசியச் சாலை. தாரந்தோ முதல் ரெஜியோ கலாப்ரியா வரை 491 கி.மீ. பெரும்பகுதியில் போக ஒரு தடம், வர ஒரு தடம், நடுவே தடுப்பு கிடையாது. அங்குள்ளவர்கள் இதைச் 'சாவுச் சாலை' என்றே சொல்கிறார்கள். அந்தச் சீசனில் அணியோடு வெளியூர் போன ஆதரவாளர்களின் சாலை இதுதான். ஊரின் சிறிய விமான நிலையத்துக்கு பிதாகரஸ் பெயர். அதை நடத்திய நிறுவனம் நொடித்துப்போனதால் 2016 நவம்பரில் மூடப்பட்டது. சீசன் முடியும் வரை திறக்கவே இல்லை. விமானம் ஏற வேண்டுமென்றால் அப்போது சுமார் 100 கி.மீ. தள்ளி லமேசியாவுக்குப் போக வேண்டியிருந்தது. டூரினிலும் மிலானிலும் ஆட வேண்டிய ஊருக்கு முதல் பிரிவில் ஆடும் அதே ஆண்டில் விமான நிலையம் இல்லாமல் போயிற்று.

குரோத்தோனே ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. பெரிய பையோடு பிதாகரஸ் சதுக்கம் வரை நடப்பது சிரமம். இரவில் வந்து சேர்ந்தால் விடுதியில் முன்பே சொல்லி வண்டி வரவழைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் நாள்: எட்சியோ ஷிடா

ஊரின் மக்கள்தொகை சுமார் 60,000. மைதானம் ஊருக்குள்ளேயே, அரசு மருத்துவமனையை ஒட்டி இருக்கிறது. சதுக்கத்தில் இருந்து நடந்து போகலாம்.

மைதானம் இருக்கும் நிலத்துக்கு அடியில் பழைய கிரேக்க நகரமான குரோட்டன் புதைந்து கிடக்கிறது. பிதாகரஸ் தன் பள்ளியை நடத்திய நகரம், ஒலிம்பிக்கில் ஆறு முறை வென்ற மல்லன் மைலோவின் நகரம். அஸ்திவாரம் தோண்டிக் கான்கிரீட் கட்டத் தொல்லியல் துறை விடாது. அதனால் இரும்புக் குழாய், தட்டு, போல்ட் என்று கழற்றி எடுக்கக்கூடிய கேலரியை எழுப்பி 16,000-ஐத் தாண்டினார்கள். அதற்கும் தற்காலிக அனுமதிதான், இரண்டு ஆண்டு கெடு. கெடு முடிந்ததும் கழற்றச் சொல்லித் தகராறு கிளம்பியது. பழைய கான்கிரீட் படிகளில் நடந்துவிட்டுப் புதிய பகுதியில் கால் வைத்தால் வித்தியாசம் காதுக்கே தெரியும். ஒவ்வொரு அடியும் தகரத்தில் தட்டுவது போல ஒலிக்கும். ஆயிரம் பேர் ஒன்றாகக் குதித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஓட்டத் தடம் கிடையாது, கோட்டுக்குப் பக்கத்திலேயே ஜனம்.

ஷிடா திறந்தது 2016 அக்டோபர் 23, நாப்போலியுடன். 1-2 என்று தோல்வி. ஒன்பது ஆட்டம் முடிந்தும் கையில் இருந்தது அந்த ஒரே புள்ளி. மூன்று நாளில் ஃபியோரெண்டினாவின் மைதானத்தில் 1-1. அக்டோபர் 30 அன்று ஷிடாவில் கியேவோவை 2-0 என்று வென்றதுதான் சீரி ஏ-வில் முதல் வெற்றி. த்ரோத்தாவும் ஃபால்ச்சினெல்லியும் கோல் போட்டார்கள்.

சீசன் முடிவில் 34 புள்ளி. அதை ஆடிய இடம் பார்த்துப் பிரித்தால்: பெஸ்காராவில் 'சொந்த' ஆட்டம் 3, புள்ளி 1. வெளியூர் ஆட்டம் 19, புள்ளி 12. ஷிடாவில் ஆட்டம் 16, புள்ளி 21. கடைசி ஒன்பது ஆட்டத்தில் கீழே இறங்காமல் தப்பிய அதிசயம் என்றுதான் எல்லோரும் இந்தச் சீசனைப் பேசுகிறார்கள். அதிசயத்தில் பாதி இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அந்த மூன்று ஆட்டத்தையும் ஷிடாவில் ஆடியிருந்தால் கடைசி நாள் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்திருக்காது.

இன்னொன்று, கடைசி நிமிடத்தில் வாங்கிய கோல்கள். டிசம்பர் 4, சான் சீரோவில் மிலானுடன் 1-1 என்று நின்ற ஆட்டத்தை முடியும் தறுவாயில் லப்பாதூலா பறித்தார். ஜனவரி 8, ரோமில் லாட்சியோவின் இம்மோபிலே. மார்ச் 19, ஷிடாவிலேயே ஃபியோரெண்டினாவின் கலினிச். மூன்றிலும் ஒரு கோல் வித்தியாசம்தான், மூன்றும் கையில் இருந்து நழுவிய டிரா. அந்தச் சீசனின் 22 தோல்விகளை வரிசையாகப் பார்த்தால் அடிவாங்கிய ஆட்டங்கள் குறைவு. ஒரே கோல் வித்தியாசத்தில் கோட்டைவிட்டவைதான் அதிகம். பயிற்சியாளர் டாவிடே நிகோலா தன் ஆட்ட முறையை அடிக்கடி மாற்றாமல் இருந்தது அதனால்தான் சரி. நான்கு பேர், நான்கு பேர் என்று இரண்டு வரிசை. கோல்கீப்பரும் கேப்டனுமான கோர்டாஸ் பின்னால். பந்து கிடைத்ததும் ஓரத்துக்கு, அங்கிருந்து முன்னால் நிற்கும் இருவருக்கு. முன்னால் ஃபால்ச்சினெல்லி. சாஸ்ஸுவோலோவில் இருந்து கடனாக வந்தவர். அணி போட்ட 34 கோலில் 13 அவருடையது.

மார்ச் 19 முடிவில் 29 ஆட்டம், 14 புள்ளி. கீழே இறங்காமல் தப்பும் கடைசி இடத்தில் எம்போலி, 22 புள்ளி. மீதி ஒன்பது ஆட்டம்.

இன்றைக்கு ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு: டிக்கெட்டில் உங்கள் பெயர் அச்சாகும், வாசலில் அதை அடையாளச் சான்றோடு ஒப்பிடுவார்கள். கடவுச்சீட்டில் இருப்பது போலவே பெயரைக் கொடுங்கள். நம் ஊர்க்காரர்கள் இனிஷியலை ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால் போட்டு மாட்டிக்கொள்வது உண்டு. கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும், படம் மட்டும் போதாது. தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள்.

நான்காம் நாள்: கப்போ கொலோன்னா

ஊருக்குத் தெற்கே பத்துப் பதினோரு கி.மீ. தூரத்தில் ஒரு முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் ஒற்றைத் தூண். கிரேக்கப் பெண் தெய்வமான ஹேரா லாசீனியாவின் கோவிலில் இருந்த 48 தூண்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். எட்டு மீட்டருக்குச் சற்று அதிக உயரம், தோரிக் என்ற பழைய கிரேக்கக் கட்டடப் பாணி. 1638 நிலநடுக்கம் வரை இரண்டு நின்றன.

பஸ் குறைவு. டாக்சியில் போனால் திரும்பி வரும் நேரத்தையும் அப்போதே பேசிக்கொள்ள வேண்டும், அங்கே நின்று வண்டி பிடிக்க முடியாது. நிழல் இல்லை. காலை பத்துக்குள் போய்விட்டு வந்துவிடுங்கள். தூணின் அருகில் போய்ப் பார்த்தால் கல் வழவழப்பாக இல்லை. உப்புக்காற்று அரித்து விரல் நுழையும் அளவுக்குக் குழிகள், கடல் பக்கம் அதிகமாக. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த உருளைகளுக்கு நடுவே மூட்டுக் கோடுகள் தெரிகின்றன. நிமிர்ந்து கடலைப் பார்த்தால் தொலைவில் எரிவாயு எடுக்கும் மேடைகள்.

தூணுக்குப் பக்கத்தில் மாதாவின் சிறு ஆலயம். மே மாதம் மூன்றாம் ஞாயிறை ஒட்டி ஊரே இங்கே நடந்து வரும். சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பின் பேராலயத்தில் இருந்து படத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, விடியும்போது முனையை அடைவார்கள். ஞாயிறு மாலை படம் கடல் வழியாகப் படகில் துறைமுகத்துக்குத் திரும்பும். 2017-ல் அந்த ஞாயிறு மே 21. அதே நாளில்தான் டூரினில் யுவெண்டஸுடன் ஆட்டம்.

அதற்குள் நிலைமை தலைகீழாக மாறியிருந்தது. ஏப்ரல் 2, வெரோனாவில் கியேவோவை 2-1. ஏப்ரல் 9, ஷிடாவில் இன்டரை 2-1, இரண்டும் ஃபால்ச்சினெல்லி. ஏப்ரல் 15, டொரினோ அணியின் மைதானத்தில் சிமி கோல் போட்டு 1-1. ஏப்ரல் 23, சம்ப்தோரியாவை அவர்கள் மைதானத்தில் 2-1. ஏப்ரல் 30, மிலானுடன் 1-1. மே 7, பெஸ்காராவில் 1-0. மே 14, உதினேஸேயை 1-0, ஸ்வீடன்காரர் ரோடேன் போட்ட கோல். ஏழு ஆட்டம், 17 புள்ளி, தோல்வியே இல்லை. குரோத்தோனே 31, எம்போலி 32.

டூரினில் 0-3. யுவெண்டஸ் தொடர்ந்து ஆறாவது முறையாகச் சாம்பியன் ஆன ஆட்டம் அது. ஆனால் அதே நாள் எம்போலியும் சொந்த மைதானத்தில் அடலாண்டாவிடம் 0-1 என்று தோற்றது. இடைவெளி ஒரு புள்ளியாகவே நின்றது.

ஐந்தாம் நாள்: மீண்டும் ஷிடா, பிறகு 106-ஆம் சாலை

2017 மே 28, கடைசி நாள். குரோத்தோனேயில் லாட்சியோ, பலெர்மோவில் எம்போலி, இரண்டு ஆட்டமும் இரவில் ஒரே நேரத்தில்.

இந்த நாளைப் புரிந்துகொள்ள ஒரு விதியைத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு அணி ஒரே புள்ளியில் முடிந்தால் அப்போது இத்தாலியில் மொத்தக் கோல் வித்தியாசத்தைப் பார்க்க மாட்டார்கள், அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய இரண்டு ஆட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். எம்போலியில் 1-2 என்று தோற்ற குரோத்தோனே, ஜனவரி 29 அன்று ஷிடாவில் 4-1 என்று வென்றிருந்தது. ஃபால்ச்சினெல்லி ஹாட்ரிக். அதனால் சமன் ஆனாலே போதும், குரோத்தோனே தப்பிவிடும். எம்போலி தோற்றால் இவர்களுக்கு டிரா போதும். எம்போலி டிரா செய்தால் இவர்கள் வெல்ல வேண்டும். எம்போலி வென்றால் எல்லாம் முடிந்தது. ஜனவரியில் பார்த்தவர்களுக்கு அது கீழ்நிலை அணிகள் இரண்டின் சாதாரண ஆட்டம். சீசனின் மிக முக்கியமான 90 நிமிடம் அதுவே என்று சொல்வேன்.

ஷிடாவில் நாலினி முதலில் போட்டார். ஃபால்ச்சினெல்லி 2-0. இம்மோபிலே பெனால்டியில் ஒன்றைத் திருப்பினார், 2-1. மறுபடி நாலினி, 3-1. பலெர்மோவில் இரண்டாம் பாதியில்தான் கதவு திறந்தது. ஏற்கனவே கீழே இறங்கிவிட்ட பலெர்மோ 2-1 என்று வென்றது. குரோத்தோனே 34, எம்போலி 32. கடைசி ஒன்பது ஆட்டத்தில் 20 புள்ளி.

தப்பினால் டூரினுக்குச் சைக்கிளில் போவேன் என்று நிகோலா சொல்லியிருந்தார். ஜூன் மாதம் குரோத்தோனேயில் இருந்து கிளம்பி, டூரினுக்குப் பக்கத்திலிருக்கும் தன் ஊரான வீகோனே வரை ஏறக்குறைய 1,300 கி.மீ. மிதித்தார். 2014-ல் சைக்கிளில் போனபோது நடந்த சாலை விபத்தில் அவருடைய 14 வயது மகன் இறந்திருந்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பயணத்தை வேடிக்கைச் சபதம் என்று யாரும் எழுத மாட்டார்கள்.

ஷிடாவில் இருந்து 106-ஆம் சாலையில் வடக்கே சுமார் 40 கி.மீ. போனால் சிரோ மரீனா, கல்யோப்போ திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயினுக்குப் பெயர் போன ஊர். இன்னும் சற்றுத் தள்ளி க்ரூக்கோலி, சர்தெல்லாவின் ஊர். மத்தி மீன் குஞ்சை உப்பும் மிளகாய்த் தூளும் காட்டுச் சோம்பும் சேர்த்துப் பிசைந்து பதப்படுத்திய செந்நிற விழுது அது. மீன் குஞ்சு பிடிப்பதற்கு ஐரோப்பியத் தடை வந்த பிறகு வேறு சிறு மீன்களில் செய்கிறார்கள். வாங்கும்போது என்ன மீன் என்று கேளுங்கள். ரொட்டியில் கொஞ்சமாகத் தடவி, மேலே ஆலிவ் எண்ணெய் விட்டு, சிவப்பு வெங்காயத்தோடு சாப்பிட வேண்டும். கரண்டி நிறைய எடுத்தால் உப்பும் காரமும் நாக்கைப் பிடித்துக்கொள்ளும்.

இந்தச் சாலையில் சைக்கிள் மிதிக்க நினைப்பவர்கள் விடிந்ததும் கிளம்பி, லாரிகள் கூடுவதற்குள் அன்றைய தூரத்தை முடித்துவிடுங்கள். பல இடங்களில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு கை அகலம்கூட இடம் கிடையாது. பின்விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள். கடற்கரை ஊர்கள் வரும்போது உள்தெருக்களில் இறங்கிப் போய் மறுமுனையில் ஏறிக்கொள்ளலாம், தூரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

அடுத்த சீசனிலும் குரோத்தோனே கடைசி நாள் வரை போராடியது. நிகோலா டிசம்பரில் விலகிவிட்டார். ஏப்ரலில் சிமி யுவெண்டஸுக்கு எதிராக ஷிடாவில் அந்தரத்தில் தலைகீழாகப் பாய்ந்து உதைத்து ஒரு கோல் போட்டார், 1-1. முடிவில் 35 புள்ளி, முந்தைய ஆண்டைவிட ஒன்று அதிகம். அந்த ஆண்டு அது போதவில்லை, அணி கீழே இறங்கியது.